மிக்ஸிங் முடியும் நாளிலேயே மைனஸ் டிராக்கையும் வாங்கிவிடுங்கள்

சிங்கிள் பாட்டின் மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்க்கும் வேலை) முடிந்ததும், ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் 4 வடிவங்களை 24 பிட் வேவ் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்: முழுப் பாட்டு, குரல் இல்லாத மைனஸ் டிராக், இசையோடு கோரஸ் குரல் மட்டும் உள்ள மைனஸ் டிராக், தனிக்குரல். நான்கு கோப்பும் பாட்டின் ஒரே நொடியிலிருந்து தொடங்க வேண்டும். 4 நிமிடப் பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு கோப்புக்கு ஏறக்குறைய 63 எம்பி. நான்கும் சேர்ந்து சின்ன பென்டிரைவில் அடங்கும்.

அன்றைக்கு எல்லா டிராக்கும் திறந்தே இருப்பதால் குரலை மியூட் செய்து எடுக்கச் சில நிமிடம் போதும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பிளக்இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) மாறியிருக்கும், புராஜெக்ட் பழையபடி திறக்காது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடைக்கோ தர்மபுரிப் பக்கத்துத் திருவிழாவுக்கோ மைனஸ் டிராக் வேண்டும் என்று, பெங்களூரு ஸ்டுடியோவுக்கு மறுபடி பஸ் ஏறி மணிக்கணக்கு வாடகை கொடுப்பது வீண். மேடைக்குக் கோரஸ் உள்ளதுதான் நல்லது. தனி ஆளாகப் பாடும்போது பல்லவி வெறுமையாகக் கேட்காது. தனிக்குரலை மட்டும் மாஸ்டர் லிமிட்டரை (முழுப் பாட்டின் ஒலி உச்சத்தை அடக்கும் கருவி) அணைத்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்னால் ரீமிக்ஸில் சேர்க்கும்போது குரல் நசுங்கி நிற்கும்.

பம்பையும் பாட்டும் ஒரே அறையில் ஒன்றாகப் பதிவானால் குரலைத் தனியாகப் பிரிப்பது பலிக்காது. குரல் பம்பை மைக்கிலும் ஏறியிருக்கும். பீட்டை (வேறொருவர் செய்து வைத்த பின்னணி இசையை) உரிமத்துக்கு வாங்கியிருந்தால், மைனஸ் டிராக்கை வெளியிட அனுமதி உண்டா என்று உரிமத்தாளைப் பாருங்கள். தனியாக வெளியிடுவதானால் அதற்கு வேறு ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்) வேண்டும்.