மாசூலே: அடுத்தவர் கூரைமேல் நடக்கும் ஊருக்குப் போய்வர

ஈரானின் வடக்கே, காஸ்பியன் கடலை ஒட்டிய கிலான் மாகாணத்தில், தாலிஷ் மலைச்சரிவில் இருக்கிறது மாசூலே. உயரம் சுமார் 1,050 மீட்டர். ஊரின் அடிவீட்டிலிருந்து உச்சிவீட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 100 மீட்டர் ஏற்றம். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்கு முற்றம், போகிறவர் வருகிறவருக்குத் தெருவும் அதுதான். ஊருக்குள் காரோ பைக்கோ நுழைய முடியாது.

2006 கணக்கெடுப்பில் இங்கே வசித்தவர்கள் 554 பேர். வெள்ளிக்கிழமை மதியம் வந்து குவிகிற கூட்டம் அதைவிடப் பல மடங்கு. முக்கால்வாசிப் பேர் ரஷ்த் நகரிலிருந்து காலையில் கிளம்பி, பதினொரு மணிக்கு வந்து, நெரிசலில் ஒரு டீ குடித்து, படமெடுத்துக்கொண்டு நாலு மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போவதானால் போகாமலே இருக்கலாம். ஓர் இரவாவது தங்குங்கள், அதுவும் வார நடுவில். காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் ஊர் ஊராக இருக்கும்.

எப்போது போவது

ஈரானியர்கள் ‘ஓர்திபெஹெஷ்த்’ என்று சொல்லும் மாதம், அதாவது ஏப்ரல் 21 முதல் மே 21 வரை, முதல் தேர்வு. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அடுத்தது. தவிர்க்க வேண்டிய நாட்கள்: மார்ச் 20 அல்லது 21-இல் தொடங்கும் ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸ் விடுமுறையின் 13 நாள், ஜூன் 4, 5 ஆகிய அரசு விடுமுறைகள், எல்லா வியாழன் வெள்ளியும். இந்த நாட்களில் தெஹ்ரானே வடக்கு நோக்கிக் கிளம்பிவிடும். ஐந்து மணி நேரச் சாலை பத்து மணி நேரம் ஆவது சாதாரணம்.

மூடுபனியைத் தவிர்க்க முடியாது. காஸ்பியனிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறி, குளிர்ந்து, ஊரையே மூடிவிடும். பெரும்பாலும் காலை தெளிவாக இருந்து மதியத்துக்குமேல் பனி இறங்கும். அதனால் படமெடுக்கும் வேலை காலையில். வீட்டுச் சுவர்களுக்கு மஞ்சள் காவி பூசியிருப்பதே பனியில் வழி தெரியத்தான் என்பார்கள் ஊர்க்காரர்கள். ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு இரண்டும் பையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் பனிப்பொழிவு உண்டு. டயருக்குச் சங்கிலி இல்லாத வண்டியை நம்பி ஏறாதீர்கள்.

விசாவும் பணமும்

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2024 பிப்ரவரி 4 முதல் கொடுத்துவந்த விசா விலக்கை ஈரான் 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவைத்தது. ‘விசா இல்லாமலே ஈரான் வழியாக அனுப்புகிறேன்’ என்று ஆசைகாட்டிய ஏஜெண்டுகளிடம் சிக்கிப் பலர் கடத்தப்பட்டதுதான் காரணம். இன்னமும் அதே பேச்சைப் பேசும் ஏஜெண்ட் வந்தால் கதவைச் சாத்துங்கள். விண்ணப்பம் ஈரான் வெளியுறவு அமைச்சகத்தின் மின்விசா தளத்தில்தான். பிரிட்டன், கனடா, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் தனியாகச் சுற்ற முடியாது. அனுமதி பெற்ற வழிகாட்டியோடு, முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய பயணத்திட்டம் வேண்டும். ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: 2011 மார்ச் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ ஈரானுக்குள் கால் வைத்தவர்கள் விசா விலக்குத் திட்டத்தில் அமெரிக்கா போக முடியாது, தூதரகத்தில் வரிசையில் நின்று விசா வாங்க வேண்டும்.

2025 ஜூனில் இஸ்ரேலோடு நடந்த 12 நாள் போரில் ஈரான் வான்வெளி மூடப்பட்டு, பயணிகள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். டிக்கெட் எடுக்குமுன் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் அன்றைய அறிவிப்பைப் படியுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் ஈரான் விலக்கப்பட்டிருக்கிறதா என்று நுண்ணெழுத்தையும் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் எந்த வழிகாட்டிக் கட்டுரையும், இது உட்பட, சீக்கிரம் பழசாகிவிடும்.

விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் ஈரானில் வேலை செய்யாது. முழுப் பயணத்துக்கும் யூரோவோ டாலரோ ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். நோட்டு கசங்காமல், கிறுக்கல் கிழிசல் இல்லாமல் இருக்கட்டும்; இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் குறைத்துக் கொடுப்பார்கள். தெஹ்ரானில் ஃபெர்தௌசி தெருவில் பலகை வைத்த ‘சர்ராஃபி’ கடைகளில் மாற்றுங்கள்; நடைபாதையில் காதோரம் வந்து ‘டாலர், டாலர்’ என்பவர்களிடம் வேண்டாம். மாசூலேயில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது சுழியத்தில். நோட்டில் அச்சிட்டிருப்பது ரியால். வாய்ப்பேச்சில் எல்லாம் தோமான். 10 ரியால் ஒரு தோமான். போதாக்குறைக்குப் பேச்சில் ‘ஆயிரத்தை’யும் விழுங்கிவிடுவார்கள். கடைக்காரர் ‘இருநூறு’ என்றால் 2,00,000 தோமான், அதாவது 20,00,000 ரியால். சந்தேகம் வந்தால் கால்குலேட்டரை நீட்டுங்கள், ‘ரியால்? தோமான்?’ என்று கேளுங்கள். பாரசீக எண்கள் பத்தையும் விமானத்தில் உட்கார்ந்தே படித்துவிடலாம். ரியாலின் மதிப்பு சரிந்துகொண்டே இருப்பதால் இங்கே விலை எழுதிப் பயனில்லை.

போய்ச்சேரும் வழி

தெஹ்ரானிலிருந்து ரஷ்த் சுமார் 325 கிலோமீட்டர். ஆசாதி சதுக்கத்தை ஒட்டிய மேற்கு பஸ் முனையத்திலிருந்து நாள் முழுக்க பஸ் உண்டு. ‘விஐபி’ என்று எழுதிய பஸ்ஸில் வரிசைக்கு மூன்றே இருக்கை. சாதாரண பஸ்ஸைவிட விலை கொஞ்சம் கூடினாலும் அதுவே சௌகரியம். 2019-இல் கஸ்வீன்–ரஷ்த் பாதை திறந்தபிறகு ரயிலும் ஓடுகிறது, ஆனால் பஸ்போல நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. வழியில் மஞ்சீலில் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். அடுத்து வரும் ரூத்பார் ஆலிவுக்குப் பேர்போன ஊர்.

ரஷ்திலிருந்து நேரே மாசூலே என்று தேடாதீர்கள். முதலில் ஃபூமன், அங்கிருந்து மாசூலே, மொத்தம் 60 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு கட்டத்துக்கும் ‘சவாரி’ எனப்படும் பங்கு டாக்சிதான். நாலு பேர் சேர்ந்ததும் கிளம்பும். காலியான காரில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் ‘தர்பஸ்த்?’ என்று கேட்பார். ‘முழு வண்டியும் உங்களுக்கா?’ என்று அர்த்தம். யோசிக்காமல் தலையாட்டினால் நாலு பேர் கட்டணமும் உங்கள் தலையில். பங்கு போதுமென்றால் ‘நா, சவாரி’ என்று சொல்லுங்கள்.

இறங்கும்போது இன்னொன்று. எவ்வளவு என்று கேட்டால் ஓட்டுநர் ‘காபெல் நதாரே’ என்பார், ‘உங்களிடம் வாங்க இதெல்லாம் ஒரு காசா’ என்பதுபோல. இது ‘தாரோஃப்’, வெறும் மரியாதைப் பேச்சு. நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டால் அவர் பாடு திண்டாட்டம். இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். கடைகளிலும் இதே கதைதான்.

அறை பார்ப்பது

சக்கரம் வைத்த பெட்டியை ரஷ்த் ஓட்டலிலேயே விட்டுவிட்டு, ஓர் இரவுக்கான முதுகுப்பையோடு வாருங்கள். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, கல் வழுக்கும். அதைவிட, நீங்கள் கடகடவென்று பெட்டியை இழுப்பது யாரோ ஒருவர் தூங்கும் அறைக்கு நேர் மேலே.

வண்டி நிறுத்துமிடத்திலேயே ‘சுயீட்? ஒத்தாக்?’ (அறை வேண்டுமா?) என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வாடகை அறைக்கா தலைக்கா, வெந்நீர் வருகிறதா, கழிவறை உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். வெளிநாட்டவர்கள் உரிமம் பெற்ற ஓட்டலிலோ, ‘பூம்கர்தி’ எனப்படும் பாரம்பரிய விடுதியிலோ தங்குவது நல்லது. கடவுச்சீட்டைப் பதிவு செய்துகொள்வார்கள், பிற்பாடு கேள்வி எழாது.

பிறகு ‘புகாரி’யைப் பாருங்கள். அறையைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பு அது. எரியும்போது கரியமில வாயு மட்டுமல்ல, அதைவிட மோசமான கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம்; மணமோ நிறமோ இல்லாத வாயு, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஈரானில் ஒவ்வொரு குளிர்காலமும் இதனால் சாவு நடக்கிறது. பணம் கொடுக்குமுன் வீட்டுக்காரரைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக நாக்கை நீட்டினால் காற்றோட்டம் சரியில்லை. பத்து நிமிடம் கழித்துப் புகைக்குழாய் அருகே கையைக் கொண்டுபோங்கள். குழாய் சூடாக இருந்தால் புகை வெளியே போகிறது. அடுப்பு சுட்டும் குழாய் சில்லென்று இருந்தால் வழி அடைபட்டிருக்கிறது, புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது. வேறு அறை கேளுங்கள். சரியாக இருந்தாலும் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைத்துப் படுங்கள். இரவில் தலைவலியோ குமட்டலோ வந்தால் வெளியே போய்விட்டுத்தான் மற்ற யோசனை.

கூரைமேல் நடக்கும்போது

கூரை என்பது மர உத்தரம், அதன்மேல் குறுக்குக் கட்டை, அதன்மேல் அழுத்திப் பரப்பிய களிமண். மழைக்குப்பின் மேல்மண் வழவழவென்றாகிவிடும். பிடிப்புள்ள ரப்பர் அடி செருப்போ ஷூவோ கட்டாயம். பல இடங்களில் விளிம்பில் கைப்பிடி கிடையாது. படத்துக்காகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து போகிறவர்கள் முதலில் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். குதிப்பது, ஓடுவது, பிள்ளைகளை விளையாட விடுவது எல்லாம் கீழே இருப்பவர் தலையில் மண் உதிரவைக்கும். ஜன்னல்கள் சில சமயம் உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும், ஓரத்தில் ஜெரேனியம் தொட்டி, உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கேமராவை உள்ளே நீட்டாதீர்கள்.

விடிந்ததும் நேராக உச்சித் தெருவுக்கு ஏறிவிட்டுக் கீழே இறங்கி வருவது கால்களுக்கு நல்லது. முழு ஊரும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஊருக்குள் கிடைக்காது. எதிர்ச் சரிவில் சாலையோரம் போய் நிற்க வேண்டும். கடைத்தெரு அடுக்கடுக்காக ஏறுகிறது. கம்பளிக் காலுறை, பின்னல் பொம்மை, ‘சமூஷ்’ என்ற தோல் செருப்பு வாங்கலாம். ஊர் நடுவே ஔன் இப்னு அலி அடக்கத்தலம். பெண்கள் தலையிலிருந்து கால்வரை மூடும் சாதோர் போர்த்திக்கொண்டு போக வேண்டும். தலைமுக்காடு நாடு முழுக்கச் சட்டம். டிரோனைக் கொண்டுபோகவே வேண்டாம். சுங்கத்தில் பிடித்தால் பறிமுதலோடு நிற்காது.

ஓடைக்கரை அழகுதான். ஆனால் மேலே மழை பலத்தால் அங்கே உட்கார வேண்டாம். 1998 கோடையில் வந்த திடீர் வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

சாப்பாடு

சைவர்களுக்கு ஈரானிலேயே கிலான்தான் சொர்க்கம். ‘மீர்சா காசெமி’ என்பது சுட்ட கத்தரிக்காயை நிறையப் பூண்டு, தக்காளியோடு மசித்து முட்டை ஊற்றியது. ‘பாகாலா காத்தோக்’ அவரைபோன்ற ஒரு பயறு, சதகுப்பைக் கீரை, பூண்டு, மேலே முட்டை; கஞ்சி வடிக்காமல் குழைவாகப் பொங்கிய ‘கத்தே’ சோற்றோடு சாப்பிடுவது. முட்டை வேண்டாமென்றால் ‘பெதூனே தொக்மே மொர்க்’ என்று சொல்லுங்கள். ‘கூஷ்த் நெமீகோரம்’ (இறைச்சி சாப்பிட மாட்டேன்) என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வரலாம், ஏனென்றால் பலருக்கு கூஷ்த் என்றால் ஆட்டு, மாட்டு இறைச்சிதான். ‘மொர்க் நா, மாஹி நா’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கலே ரூத்கானைச் சேர்த்துக்கொள்ள

ஃபூமனிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில், காட்டுக்குள் 65 கொத்தளங்களோடு ஒரு கோட்டை. சுவரின் நீளம் 1,500 மீட்டர். வண்டி அடிவாரம் வரைதான். அங்கிருந்து படி ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. இரண்டையும் சேர்க்கிறவர்கள் பலர் மாசூலேயை முதலில் வைக்கிறார்கள், அது தலைகீழ். காலை எட்டுக்குக் கோட்டை, இரண்டு மணிக்கு இறங்கி அடிவாரத்தில் சாப்பாடு, பிறகு மாசூலே. நீங்கள் போய்ச்சேரும்போது பகல் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும். இந்த ஒரு நாளைக்குத் தர்பஸ்த் பேசிக்கொள்வது தகும், பையும் காரிலேயே கிடக்கும்.

மாசூலேயிலிருந்து திரும்ப, இருட்டியபின் பங்கு டாக்சியை எதிர்பார்க்க முடியாது. முந்தைய நாளே விடுதிக்காரரிடம் சொல்லிவையுங்கள். ஃபூமனில் வண்டி மாறும்போது ‘கொலூச்சே’ சுடும் கடை ஒன்றில் நில்லுங்கள். அக்ரூட்டும் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் அடைத்து, மேலே அச்சுக் குத்திச் சுடும் வட்டப் பலகாரம். ஒன்றைச் சூட்டோடு தின்னுங்கள். வீட்டுக்கு வாங்கிய பெட்டியை மட்டும் ஆறும்வரை மூடியைத் திறந்தே வைத்திருங்கள். சூட்டோடு மூடினால் ஆவியில் நமத்து, தெஹ்ரான் போய்ச்சேர்வதற்குள் ரொட்டிபோல் ஆகிவிடும்.