பர்வதமலையில் ஒரே பகலில் ஏறி இறங்குவது எப்படி?

திருவண்ணாமலைக்கு வடக்கே, கலசப்பாக்கத்துக்கு மேற்கே நிற்கும் பர்வதமலை ஏறத்தாழ 4,560 அடி உயரமுடையது. நடக்கும் தொலைவு அதிகமில்லை. ஆனால் அந்தக் குறைந்த தொலைவுக்குள் உயரம் முழுவதையும் ஏறிவிட வேண்டியிருப்பதால், மலை பழகாதவர்களுக்கு ஏற நான்கு மணி நேரமும் இறங்க மூன்று மணி நேரமும் பிடிக்கும். உச்சியில் தங்கும் நேரத்தையும் சேர்த்து இவ்வளவையும் பகல் வெளிச்சத்துக்குள் அடக்குவதுதான் பயணத் திட்டத்தின் உயிர்நாடி. வழியில் கண்ட தடுமாற்றங்களில் பெரும்பாலானவை, தாமதமாகப் புறப்பட்டதால் நேர்ந்தவை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதன்முறை செல்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள நாட்களில், பௌர்ணமியும் விடுமுறையும் அல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பௌர்ணமி அன்று உச்சியில் உள்ள சிவன் கோயிலுக்கு வரும் கூட்டம் மிகுதி. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய இடங்களில் பாறையைப் பிடித்தபடி காத்து நிற்க நேரும். மழை நாளில் இங்கே வரவே வேண்டாம். மேலே பெய்யும் மழை அடிவாரத்தை ஒட்டிய ஓடையைச் சிறிது நேரத்தில் பெருக வைத்துவிடும்; அதில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. ஏறுவதற்கான நேரத்தை வனத்துறை வரையறுக்கிறது, அது அவ்வப்போது மாறவும் செய்கிறது. ஆகையால் முந்தைய நாளே கேட்டறிந்துவிட்டுப் புறப்படுங்கள்.

தென்மகாதேவமங்கலத்திலிருந்து ஒரு வழியும் கடலாடியிலிருந்து ஒரு வழியும் மேலே செல்கின்றன. இரண்டும் பின்னர் ஒன்றுசேர்கின்றன. தென்மகாதேவமங்கலம் வழியில் தொடக்கத்தில் படிகள் இருப்பதாலும் ஆள் நடமாட்டம் மிகுந்திருப்பதாலும் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். படிகளில் வேகமாக ஏறிவிட்டு, அவை முடிந்து கரடுமுரடான பாறை வழி தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுபவர்கள் பலர். பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் பாதியை இறக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். உணவைத் தோள்பைக்குள் மூடி வைக்க வேண்டும், ஏனெனில் கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டால் குரங்குகள் தயங்காமல் பறித்துக்கொள்ளும்.

உச்சிக்குச் சற்று முன்னே வருவது கடப்பாறை நெட்டு. செங்குத்தாக நிற்கும் வெறும் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து, அவற்றோடு சங்கிலிகளைப் பிணைத்திருக்கிறார்கள். எத்தனையோ கைகள் பற்றிப் பற்றி, சில கடப்பாறைகளின் தலை வழவழப்பாகத் தேய்ந்திருப்பதை அருகில் நின்று பார்க்கலாம். இங்கே உடலின் எடையைச் சங்கிலியில் தொங்கவிடக் கூடாது; எடை காலில் இருக்க வேண்டும், சங்கிலி சமநிலைக்கு மட்டுமே. இரண்டு கால்கள், இரண்டு கைகள் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பிடிப்பில் இருக்கட்டும். முன்னே செல்பவர் மேலே சேர்ந்த பிறகே அடுத்தவர் தொடங்கட்டும். செல்பேசி சட்டைப்பையில் இருந்தால் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒருமுறை நண்பகலில் இவ்விடத்தை அடைந்து, சூடேறிய சங்கிலியைப் பிடிக்க முடியாமல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினேன். அன்றிலிருந்து காலை பத்து மணிக்குள் இதைக் கடந்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உயரத்தைக் கண்டு தலை சுற்றுபவர்கள் சங்கிலியை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள இரும்புப் படிகளில் செல்லலாம். அதில் குறையொன்றும் இல்லை.

உச்சியில் மல்லிகார்ஜுனேசுவரர், பிரமராம்பிகை சந்நிதிகள் உள்ளன. தரிசனம் முடிந்ததும் உடனே இறங்கிவிடாமல், காற்று படாத ஒரு பாறை மறைவில் அரை மணி நேரமாவது அமருங்கள். வடக்கிலும் வடமேற்கிலும் ஜவ்வாது மலைத்தொடர் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கிக்கொண்டே விலகிச் செல்லும். தெற்கே, வானம் தெளிவாக இருந்தால், அண்ணாமலையார் மலை சமவெளியின் நடுவே தனித்துத் தெரியும். கிழக்கே ஏரிகள் வெயிலில் தகடுகள்போல் மின்னும். திருவண்ணாமலையில் அண்ணாந்து பார்த்துப் பழகிய அந்த மலையை இங்கிருந்து குனிந்து பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

எவ்வளவு தாமதமானாலும் பிற்பகல் ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அந்நேரத்துக்குள் உச்சியை அடைய முடியாதென்று தெரிந்தால், இருக்கும் இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். கடப்பாறை நெட்டில் இறங்கும்போது முகம் பாறையை நோக்கியே இருக்கட்டும். அதற்குக் கீழே உள்ள சரளைச் சரிவில் நீண்ட அடி வைக்காமல், முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடிகளாக வைத்து இறங்குங்கள். ஊன்றுகோல் இருந்தால் உண்மையில் பயன்படுவது இந்த இடத்தில்தான். கடைசிப் படிகளுக்கு வரும்போது தொடைகள் நடுங்கத் தொடங்கும். அப்போது படிகளில் சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினால் முழங்கால் வலி பெரிதும் குறையும்.