அந்தி வேட்டைக்கு ஒளிரும் ஸ்கோப்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிரும் ஸ்கோப்பை, அதாவது உள்ளே விளக்கு வைத்த குறிபார்க்கும் தொலைநோக்கியை, துப்பாக்கியில் மாட்டிவிட்டால் இருட்டில் மிருகம் பளிச்சென்று தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. உள்ளே இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு ஒளியூட்டுவது குறிபார்க்க உதவும் குறிக்கோட்டை மட்டும்தான். எதிரே நிற்கும் பன்றிமேல் அதிலிருந்து ஒரு துளி வெளிச்சமும் விழாது. பன்றியைக் காட்ட வேண்டியது ஸ்கோப்பின் லென்ஸ் கண்ணாடி. குறி பன்றியின் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது விளக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

நான் எழுதுவது ஜெர்மனியைப் பற்றி. இந்தியாவில் வேட்டை சட்டப்படி குற்றம். இங்கே ஜெர்மனியில் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் காட்டோரத்துப் பரணில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மான் வகைகளைப் பொதுவாகச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு சுடக் கூடாது. காட்டுப்பன்றிக்கு இரவிலும் அனுமதி உண்டு. 2020 செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் பன்றிகளைக் கொல்லும் தொற்றான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பன்றி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி இன்னும் கூடிவிட்டது. அதனால் பரணில் கழியும் இரவுகளும் அதிகம்.

என் முதல் பனிக்கால இரவில் கையில் இருந்தது இரவல் துப்பாக்கி. அதில் விளக்கு இல்லாத பழைய ஸ்கோப். தரையெல்லாம் பனி, மேலே அரை நிலா. பன்றி காட்டை விட்டு வெளியே வந்தபோது வெள்ளைத் துணியில் கொட்டிய மை மாதிரி தெரிந்தது. பனியின்மேல் குறிக்கோடும் கறுப்பாகத் தெளிவாக இருந்தது. சரி என்று கோட்டைப் பன்றியின் தோளுக்கு நகர்த்தினேன். கோட்டைக் காணோம். கறுப்புக்குள் கறுப்பாகக் கரைந்துவிட்டது. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டேன். குறிக்கோட்டின் நடுவில் எரியும் ஒளிப்புள்ளி எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புரிந்த பிறகும் நான் ஒரு தவறு செய்தேன்; பலரும் அதையே செய்கிறார்கள். கடைக்குப் போய், குழல்விளக்கு வெளிச்சத்தில் ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்து, புள்ளி எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று சோதித்து வாங்கினேன். இருட்டுக்கு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது அது எவ்வளவு கூடுதலாக எரிகிறது என்பதை அல்ல, எவ்வளவு குறைவாக எரியும் என்பதை. நம் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால், குறைந்தபட்ச அளவிலேயே தகதகவென்று எரியும் புள்ளி வந்தால் பன்றி மறைந்து புள்ளிதான் நிற்கும். மலிவான சில ஸ்கோப்புகளில் குழல் முழுவதும் செந்நிறப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். சிவப்பைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் சிவப்பும் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்கும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று ஒரு கணம் தேடும்படி இருக்க வேண்டும், அதுதான் சரியான அளவு. அதேபோல, முழுக் குறுக்குக்கோடும் எரிவதைவிட நடுவில் ஒரே ஒரு சின்னப் புள்ளி மட்டும் எரிவதையே வாங்குங்கள்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்டு, சாயங்காலம் மசங்கும் நேரத்தில் ஸ்கோப்பை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். தெருவிளக்குப் பக்கம் வேண்டாம். ஏதாவது புதரின் அடியில் இருக்கும் நிழலைப் பாருங்கள். அங்கே கிளை எது, இலை எது என்று பிரிகிறதா? அப்புறம் புள்ளியை ஏற்றி, அப்போதும் பிரிகிறதா என்று பாருங்கள். புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்தோ நட்சத்திரமாகவோ தெரிந்தால், ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் கண்பக்க வளையத்தைத் திருகிக் குவியத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் உங்கள் கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) இருக்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்து எண்கள். இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8x56, அதாவது 8 மடங்கு உருப்பெருக்கமும் 56 மில்லிமீட்டர் முன்லென்ஸும் என்றால், 7 மில்லிமீட்டர். இளவயதுக்காரரின் கண்மணி இருட்டில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஜெர்மன் பரண்களில் 8x56 இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்குக் கண்மணி 5 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். அவர் 7 மில்லிமீட்டர் ஒளிக்குப் பணம் கொடுத்தாலும் மிச்சம் கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழிமேல் வீணாகத்தான் விழும். அவருக்கு 8x42 தரும் 5.25 மில்லிமீட்டரே போதும். ஸ்கோப்பின் எடை குறையும், விலையும் குறையும். 56 லென்ஸ்தான் வேண்டும் என்றால், 11 மடங்கு வரை உருவைப் பெரிதாக்கினாலும் அவருக்கு வெளிச்சம் குறையாது. கடையில் யாரும் வயதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்திக் காரணி என்று இன்னோர் எண் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் அது. 8x56க்கு 21.2 வரும். 12x50க்கு 24.5. காகிதத்தில் இரண்டாவது உயர்ந்தது. ஆனால் அதன் ஒளிவட்டம் 4.2 மில்லிமீட்டர்தான், கும்மிருட்டில் முதலில் கைவிடுவது அதுதான். கண்ணாடியின் தரம் இந்தக் கணக்கில் வரவே வராது. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது இதற்காகத்தான். இன்றைக்கு நல்ல ஸ்கோப்புகள் 90 சதவீதத்தை ஒட்டி ஒளியைக் கடத்துகின்றன. அதற்குமேல் ஓரிரு சதவீத வித்தியாசத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள், கண்ணுக்கு அது தெரியாது. 30 மில்லிமீட்டர் குழல் அதிக ஒளி தரும் என்பதும் வெறும் பேச்சு. ஒளியைத் தீர்மானிப்பது முன்லென்ஸும் உருப்பெருக்கமும் கண்ணாடியும்தான்.

பகலில் ஆட்களும் நாய்களும் விரட்டி வரும் வேட்டைக்கென்று செய்த 1-6x24 (1 முதல் 6 மடங்கு வரை மாற்றலாம்) ஸ்கோப்பை இரவுப் பரணுக்குக் கொண்டுவருவதும் நடக்கிறது. புள்ளி அருமையாக எரியும். ஆனால் 6 மடங்கில் வெறும் 4 மில்லிமீட்டர் ஒளி. நல்ல குறியும் தெரியாத மிருகமுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறைகுளிரில் அது சீக்கிரம் தளரும். மாற்று பேட்டரி சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். விளக்கு அணைந்தாலும் தெரியும்படி தடித்த மூன்று கம்பிகள் கொண்ட, ஜெர்மானியர்கள் நான்காம் எண் என்று சொல்லும் குறிக்கோடு இருப்பது நல்லது. 56 லென்ஸுக்கு மாட்டும் வளையங்கள் உயரமாக வேண்டியிருக்கும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாமல் கழுத்தை நீட்டிப் பார்க்க நேர்ந்தால் வட்டத்தின் ஓரம் கறுத்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, பணம் முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு இருகண் தொலைநோக்கியை மறந்துவிடுவது. அப்புறம் ஸ்கோப்பையே தொலைநோக்கியாக்கி, அசையும் நிழல் ஒவ்வொன்றையும் துப்பாக்கியால் குறிபார்த்துத் தேடுவார்கள். அந்த நிழல் நாயோடு நடக்க வந்த மனிதராக இருந்தால்? முதலில் தொலைநோக்கி. என்ன மிருகம், ஆணா பெண்ணா, குட்டிகள் உண்டா என்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஸ்கோப். குட்டிகளை வளர்க்கும் தாயைச் சுடுவதைச் சட்டமும் தடுக்கிறது. தாய் போனால் பால்குடிக் குட்டிகள் பசியில் சாகும்.

எனக்குப் பரணில் உட்காரக் கற்றுக்கொடுத்த பெரியவரோடு ஒரு வசந்த கால இரவு. மக்காச்சோளம் விதைத்த வயலின் ஓரத்தில் பெரிய பன்றி ஒன்று தனியாக வந்து நின்றது. அவர் ஸ்கோப்பில் புள்ளி எரிந்துகொண்டிருந்தது, தூரமும் அறுபது மீட்டர்தான். அவர் சுடவில்லை. தொலைநோக்கியை எடுத்துப் பன்றியைப் பார்க்காமல், அதன் பின்னால் இருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் கழிந்திருக்கும். புல் தரையை ஒட்டி அசைந்தது. முயல் அளவில் நாலைந்து நிழல்கள் வரிசையாக வெளியே வந்தன. பெரியவர் கையை நீட்டி, ஸ்கோப்பின் விளக்கைச் சத்தமில்லாமல் அணைத்தார்.