வேலை முடியாத வீட்டுக்கு வாடகைக்குப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

"இன்னும் பதினஞ்சே நாள்மா, எல்லாம் முடிஞ்சிரும். நீங்க தைரியமா பால் காய்ச்சுங்க."

மதுரை கூடல்நகர் தாண்டி ஆனையூர்ப் பக்கம் நாங்கள் பார்த்த மாடி வீட்டின் உரிமையாளர் சொன்னது இது. அப்போது ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் குடிபோக முடியாது, பழைய வீட்டையும் காலி செய்தாக வேண்டும். அந்த அவசரத்தில் அட்வான்ஸ் 60,000 ரூபாயையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்துவிட்டோம். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. குளியலறைக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. அடுப்படியில் சிங்க் பதித்திருந்தார்கள், தண்ணீர் வெளியே போகக் குழாய் வைக்கவில்லை. ஹாலில் சுவிட்ச் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் டேப் சுற்றிய நாலு வயர்.

பதினைந்து நாள் என்றது பொங்கல் வரை போனது. நாலு வயதான என் மகன் சுவரை ஒட்டி உட்கார்ந்து உட்கார்ந்தே படி இறங்கப் பழகிக்கொண்டான். கைப்பிடி வந்த பிறகும் பல நாள் அப்படித்தான் இறங்கினான்.

அந்த ஆறு மாதத்தில் அலைந்து தெரிந்துகொண்டதையும், அடுத்த வீடு எடுத்தபோது சரியாகச் செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன். முதன்முதலாக வாடகைக்கு வீடு பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. வீட்டுக்காரரோடு சண்டை போடச் சொல்லித் தரவில்லை. அவர் வாயால் சொன்ன வேலையைக் காகிதத்திலும் பணத்திலும் எப்படிக் கட்டிப்போடுவது என்பதுதான் விஷயம்.

படி 1: வீட்டை இரண்டு தடவை பாருங்கள்

ஒரு தடவை பகலில், ஒரு தடவை விளக்கு வைத்த பிறகு. கையில் போன் சார்ஜரும் ஒரு வாளியும் இருந்தால் போதும். எல்லா பிளக்கிலும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். மோட்டாரைப் போடச் சொல்லி, மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். கழிப்பறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் அது போகிற வேகத்திலேயே குழாய் வேலை முடிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதி என்றால் பாதாளச் சாக்கடை இணைப்பு வந்துவிட்டதா, செப்டிக் டேங்க்தானா என்று கேளுங்கள். செப்டிக் டேங்க் என்றால் மூடி போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் வீட்டுக்காரர் சொல்லாததும் தெரியவரும்.

புது வீட்டில் பலர் கவனிக்காத ஒன்று மின் இணைப்பு. கட்டுமான வேலைக்காக வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே சிலர் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கட்டணம் அதிகம். வீடுகளுக்குத் தரும் 100 யூனிட் இலவசமும் அதில் கிடையாது. மின் இணைப்பு எண்ணை வாங்கி ஒரு பழைய பில்லைப் பாருங்கள். கட்டண வகை 1ஏ என்று இருந்தால் அது வீட்டு இணைப்பு.

படி 2: மீதி வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போடுங்கள். முதலாவது, உயிருக்கு ஆபத்தானவை. கைப்பிடி இல்லாத படி, கைப்பிடிச் சுவர் எழும்பாத மொட்டை மாடி, மூடாத சம்ப், தொங்கும் வயர், எர்த் இல்லாத இணைப்பு எல்லாம் இதில் வரும். இரண்டாவது, இல்லாவிட்டால் குடியிருக்க முடியாதவை: கழிப்பறை, தண்ணீர், குளியலறைக் கதவு, வாசல் பூட்டு. மூன்றாவது, இருந்தால் நல்லது என்கிற வகை: பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது, பரணுக்குக் கதவு, வாசல் டைல்ஸ்.

முதல் தலைப்பில் ஒன்று மிச்சமிருந்தாலும் குடிபோகாதீர்கள். குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீடு என்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆடி வந்தாலும் சரி, மார்கழி வந்தாலும் சரி, இன்னும் ஒரு மாதம் மாமியார் வீட்டில் இருந்துகொள்ளலாம். நாங்கள் அதைச் செய்யவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்.

படி 3: அட்வான்ஸ் முழுவதையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணமும் கைமாறியதும் வீட்டுக்காரருக்கு அவசரம் போய்விடுகிறது. கொத்தனாரும் வெல்டரும் அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறார்கள். "வெல்டர் தேனிக்குப் போயிருக்கான்மா, வெள்ளிக்கிழமை வந்துருவான்" என்பதை நான் எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டேன் என்று கணக்கில்லை.

இப்படிப் பேசுங்கள்: "அண்ணே, வீடு எங்களுக்குப் புடிச்சிருக்கு. அட்வான்ஸ்ல பாதி இப்பத் தாரோம். இந்த லிஸ்ட்ல இருக்குற வேலை முடிஞ்ச அன்னைக்கு மீதியத் தந்துர்றோம்." மறுத்தால், வேலை முடியும்வரை வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒத்துவராதவர் பிறகு வேலையையும் முடித்துத் தர மாட்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்பது அதன் பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் வாங்குவதானால் இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 9,000 வாடகைக்கு 27,000. அறுபதாயிரம் கொடுத்தபோது எனக்கு இது தெரியாது.

ஒத்திக்கு எடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மாதாமாதம் கொடுக்கும் வாடகை என்று ஒன்று இல்லாததால், பின்னால் கழித்துக்கொள்ள உங்கள் கையில் எதுவும் இருக்காது. லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற அந்த நாளில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது ஒன்றுதான் வழி.

படி 4: ஒப்பந்தத்தில் வேலைப் பட்டியலைச் சேருங்கள்

கடையில் விற்கும் அச்சடித்த 11 மாத ஒப்பந்தத்தில் "வீடு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டால், கைப்பிடி இல்லாத படியையும் நல்ல நிலை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"கீழ்க்கண்ட வேலைகள் இன்றைய தேதியில் முடிவடையவில்லை. உரிமையாளர் இவற்றை தன் செலவில் … தேதிக்குள் முடித்துத் தருவார். அதுவரை மாத வாடகை ரூ. … மட்டும். அட்வான்ஸில் மீதி ரூ. … வேலைகள் முடிந்த பின் தரப்படும். குறித்த தேதிக்குள் முடியாவிட்டால், வாடகைதாரர் எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைச் செய்து, ரசீதுப்படி வாடகையில் கழித்துக்கொள்ளலாம்."

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுபார்ப்பைப் பற்றித்தான் பேசுகிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சிங்க், கழிப்பறைப் பழுது, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆரம்பத்திலிருந்தே போடாத கைப்பிடிக்கு அந்தப் பட்டியலில் தனியாகப் பெயர் இல்லை. பழுதானது வேறு, போடாமலே விட்டது வேறு என்று நாளைக்கு யாரும் வாதாட முடியாதபடி உங்களைக் காப்பது ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிய அந்த நாலு வரிதான்.

படி 5: ஒப்பந்தத்தைப் பதியுங்கள்

பதினோரு மாதம்தானே, பதிய வேண்டாம் என்பது பழைய பேச்சு. இந்தச் சட்டத்தின் கீழ் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இதற்கென்று அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும். பின்னால் புகார் என்று போகும்போது அந்த எண்தான் உங்கள் பிடிமானம். வீட்டுக்காரர் சேர்ந்து வராவிட்டால், நீங்கள் தனியாக விவரங்களைத் தாக்கல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஏற்கனவே குடிபோய்விட்டீர்களா?

எங்களைப் போலத்தான் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். இன்றைக்கே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள். எந்த அறை, என்ன குறை என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒரு வீடியோவும் எடுத்து இரண்டையும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும். போனில் பேசினால், பேசி முடித்ததும் ஒரு வரி தட்டிவிடுங்கள்: "அண்ணே, இப்ப பேசுனபடி 20-ம் தேதிக்குள்ள கைப்பிடி போட்டுத் தர்றேன்னு சொன்னீங்க." அவர் ஒரு கட்டைவிரல் போட்டு அனுப்பினாலும் உங்களுக்கு அது ஆதாரம்.

சொன்ன தேதி தாண்டினால் கடிதம் எழுதுங்கள். வக்கீல் வேண்டாம், ஒரு பக்கம் போதும்:

"ஐயா, தங்கள் வீட்டில் … தேதி முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வாடகையைத் தவறாமல் செலுத்தி வருகிறேன். குடிவரும்போது தாங்கள் முடித்துத் தருவதாகச் சொன்ன கீழ்க்கண்ட வேலைகள் இன்றுவரை முடியவில்லை. … தேதிக்குள் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்த நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்கான சான்றும் கேளுங்கள். ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் குத்தி வையுங்கள். எங்கள் வீட்டுக்காரர் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே வந்து, "என்னம்மா, லெட்டரெல்லாம் போட்டுக்கிட்டு" என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரம் குளியலறைக்குக் கதவு வந்தது.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள்

கோபத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், அதுவே உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்குக் காரணமாகிவிடும். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால் இரண்டு மாதம் தொடர்ந்து மணியார்டரிலோ வங்கியிலோ அனுப்பிப் பாருங்கள். அப்படியும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம்.

எழுத்தில் கேட்டும் உரிமையாளர் தன் பொறுப்பிலுள்ள பழுதைப் பார்க்காவிட்டால், நீங்கள் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்காதீர்கள். 9,000 வாடகையில் 4,500 வரைதான். செய்யும் முன் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் பில்லையும் அனுப்புங்கள். நாங்கள் சிங்க் குழாயை இப்படித்தான் முடித்தோம்.

வாடகை அதிகாரியிடம் போவது

இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்று மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், பதிவு எண், வாடகை செலுத்திய வங்கிப் பக்கங்கள், போட்டோக்கள், கடித நகல், தபால் ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்துக் கொடுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தினால் அது தனிக் குற்றச்சாட்டு. உடனே மீட்டுத் தரும்படி இடைக்கால உத்தரவு போட வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

காலி செய்யும் நாள்

மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். சாவி கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். நீங்கள் தர வேண்டிய பாக்கி போக, மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் வர வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை 9,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியை நீட்டினார். இது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, வெள்ளையடிப்பது அவர் பொறுப்பு. நான் எதுவும் பேசவில்லை. குடிவந்த அன்று எடுத்த போட்டோவைப் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தேன். ஹால் சுவர் முழுக்க வெறும் பிரைமர், மூலையில் கொத்தனார் கரிக்கட்டியால் கிறுக்கிய அளவுக் கணக்கு. நிமிர்ந்து அதே சுவரைப் பார்த்தார். அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. உள்ளே போய் 9,000 ரூபாயையும் எடுத்துவந்து கொடுத்தார்.