விளக்குத் திரி திரிப்பவருக்கு நூல் நூற்கவும் வரும்

வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி திரித்த கை உங்களுடையது என்றால் நூற்பில் பாதி வேலை ஏற்கெனவே கைவசம். மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்: பஞ்சை நூலாக்குவது, அந்த நூலில் ஒரு சின்னத் துணி பின்னுவது.

எங்கள் திருவாரூர்ப் பக்கம் நெல் அறுத்த வயலில் தை, மாசியில் பருத்தி போட்டு வைகாசி, ஆனியில் எடுப்போம். எடுத்தது மூட்டையாகி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்விடும். அது நூலாவதை நான் முப்பது வயது வரை கண்ணால் பார்த்ததில்லை. காட்டியது என் அத்தை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியில் நூற்பும் ஒரு பாடம், அந்த வழியில் நடந்த பள்ளியில் படித்தவர் அவர். இத்தனை வருஷம் கழித்து, கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிரான தக்ளியைக் கையில் கொடுத்ததும் அவர் விரல் தானாகச் சுழற்றியது, நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பஞ்சு. மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், அதை வெளுத்து மெழுகுச்சத்தை எடுத்திருப்பார்கள், இழையும் குட்டையாக இருக்கும், புதிதாகப் பழகுபவருக்கு அறுந்துகொண்டே வரும். மெத்தைக்கு அடைக்கும் இலவம் பஞ்சும் ஆகாது, வழுவழுவென்று நழுவிவிடும். செடியில் எடுத்த பருத்தி கால் கிலோ கிடைத்தால் போதும், கொட்டை போக அதில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. கொட்டை எடுக்க, ஒரு பலகையில் பருத்தியை வைத்து மேலே வழவழப்பான இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டுங்கள், கொட்டை முன்னால் பிதுங்கி விழும், பஞ்சு பின்னால் தங்கும். அப்புறம் விரலால் பிய்த்துப் பிய்த்துப் புகைபோல ஆகும்வரை உதிர்க்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் பின்னால் நூல் முழுக்கக் கட்டி கட்டியாக வரும், அதனால் தூசி, சருகு எல்லாம் பொறுமையாகப் பொறுக்குங்கள். உதிர்த்ததை உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிசாகப் பரப்பி, ஒரு பென்சிலில் சுருட்டி, பென்சிலை உருவிவிடுங்கள். இதுதான் பட்டை.

தக்ளி வாங்கலாம், செய்தும் கொள்ளலாம். ஒரு சாண் நீள சைக்கிள் போக்ஸ் கம்பி, கீழ்ப்பக்கம் கொட்டாங்குச்சியில் வெட்டிய ஒரு ரூபாய் அளவு வட்டம், மேல்நுனியில் சின்னக் கொக்கி, கீழ்நுனி கூராக. சுழல ஒரு இடம் வேண்டுமே, அதற்கும் கொட்டாங்குச்சிதான்! உள்பக்கம் வழவழப்பாகத் தேய்த்த ஒரு மூடியில் தக்ளி நின்றால் பம்பரம் போல ஓடும்.

இனி நூற்பு. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்காருங்கள். ஒரு முழம் தையல் நூலை வட்டத்துக்கு மேலே கட்டி, கம்பியில் சுற்றிக்கொண்டே போய்க் கொக்கியில் மாட்டி, அதன் நுனியைப் பட்டையின் நுனியோடு சேர்த்துப் பிடியுங்கள். வலது கையால் தக்ளியை வலப்பக்கமாகச் சுண்டிவிட்டால் முறுக்கு நூல் வழியாக ஏறி வந்து பஞ்சைப் பிடிக்கும். பிடித்ததும் இடது கையை மெதுவாக மேலே கொண்டுபோங்கள்.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். பஞ்சை இழுக்கிறோம் என்று நினைப்பதால் வரும் தடுமாற்றம் அது. இழுக்க வேண்டாம், கையை விலக்கினால் போதும். திருநீறு எடுக்கும்போது விரல் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே பட்டையை அழுத்துங்கள். பருத்தி இழை ஒரு அங்குலம்தான் இருக்கும், முறுக்கு கொஞ்சம் ஏறியபிறகுதான் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு நழுவி வரும். அந்த நழுவலை விரல் நுனி உணரும் ஒரு கணம் இருக்கிறது. பட்டை முனையில் முக்கோணமாகப் பஞ்சு விரிந்து நிற்கும், அதன் கூர்முனையிலிருந்து நூல் பிறந்து வந்துகொண்டே இருக்கும். எனக்கு ஒன்பதாவது நாள் அது வந்தது, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

கை எட்டும் நீளம் வந்ததும் பட்டையிலிருந்து இழை வராமல் இறுக்கிப் பிடித்து இன்னும் இரண்டு மூன்று முறை சுழற்றி முறுக்கேற்றுங்கள். லேசாகத் தளர்த்தினால் நூல் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள வேண்டும், அப்படியானால் முறுக்கு சரி. கொக்கியிலிருந்து எடுத்து வட்டத்துக்கு மேலே கம்பியில் சுற்றுங்கள், நாலு விரற்கடை விட்டு மறுபடி மாட்டுங்கள். அறுந்தால் கவலை வேண்டாம், இரண்டு நுனியையும் பிரித்து மேலே மேலே வைத்துச் சுழற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் நாளில் சும்மா சும்மா அறும், பஞ்சு காய்ந்துவிடுவதுதான் காரணம். விடியற்காலையில் நூற்றுப் பாருங்கள், அல்லது பக்கத்தில் ஒரு ஈரத்துணியை விரித்து வையுங்கள்.

ஒற்றை இழையில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயக்கூடும். அதனால் நான்கு இழையைச் சேர்த்து, தக்ளியை இந்த முறை இடப்பக்கமாகச் சுழற்றி நாலு புரியாக முறுக்குங்கள். எதிர்த்திசையில் சுழல்வதால் பழைய முறுக்கு கொஞ்சம் தணிந்து நூல் அமைதியாகும். பிறகு சிட்டமாக, அதாவது ஒரு பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கொஞ்சம் சோப்புப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு வரும், பஞ்சின் மெழுகும் அழுக்கும்தான் அது. அலசி, கீழே ஒரு சின்ன சொம்பைத் தொங்கவிட்டுக் காயப்போடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு? முகம் துடைக்கும் துணி பின்னலாம். 4 மில்லிமீட்டர் பின்னல் ஊசி இரண்டு. இடது ஊசியில் 25 கண்ணி ஏற்றுங்கள், நூலைக் கட்டைவிரலில் ஒரு முறுக்கு முறுக்கி ஊசியில் மாட்டினால் ஒரு கண்ணி. வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாகச் செருகி, நூலை அதன் நுனியில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். அவ்வளவுதான் பின்னல், வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 25 இருக்கிறதா என்று எண்ணுங்கள், குறைந்திருந்தால் எங்கோ ஒன்று நழுவியிருக்கிறது. துணி சதுரமானதும் இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேல் தூக்கிப் போடுங்கள், அடுத்ததைப் பின்னி மறுபடி தூக்குங்கள். கடைசிக் கண்ணிக்குள் நூலை நுழைத்து இழுத்துவிட்டால் முடிந்தது.

தினம் அரை மணி நேரம் நூற்று எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு ஓரம் மூன்று கண்ணி அகலமாகப் போயிருந்தது, நடுவில் ஒரு இடத்தில் நூல் தடித்துக் குமிழாக நின்றது. அத்தை அந்தக் குமிழைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார், இப்போது அவர் மூக்குக்கண்ணாடி துடைப்பது அதில்தான்.