லினக்ஸில் பார்ட்டிஷனைச் சுருக்குவது: முதலில் மூட்டை, பிறகு சுவர்

ஆரணி அரிசி மண்டிக்காரர் குடோனில் பாதியைத் தடுத்து வாடகைக்கு விடப்போகிறார் என்றால், முதலில் மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி அடுக்குவார். கொத்தனார் வருவது அதற்கப்புறம்தான். இங்கேயும் அதே கதை. ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டம் மூட்டை அடுக்கு, டிஸ்க்கை அறைகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் சுவர்.

ஆரம்பிக்கும் முன் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரோடு இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் வேண்டும். வேலூர் வெயிலில் நடுவில் கரண்ட் போனால் பாதியில் நிற்கும் வேலை இது.

எக்ஸ்ட்4 என்ற வகை ஃபைல் சிஸ்டத்தை லினக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். அப்படிச் சுருக்க முடியாது, அன்மவுண்ட் செய்தே, அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்றியே ஆகவேண்டும். அதனால் லைவ் யூஎஸ்பியில் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்யுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு வகை என்றால் சுருக்கும் ஆசையை விட்டுவிட்டு, பேக்கப் எடுத்து சிறிதாகப் புதிதாக உருவாக்குவதே வழி.

புதியவர்களுக்கு மவுஸாலேயே பார்ட்டிஷனை மாற்றும் ஜிபார்ட்டட் போதும். பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக், 'ரீசைஸ்/மூவ்', புதிய அளவு. அளவை எம்ஐபியில் கேட்கும். 1024 எம்ஐபி ஒரு ஜிஐபி, அதனால் 60 ஜிஐபிக்கு 61440. வலது விளிம்பை மட்டும் நகர்த்துங்கள். இடது விளிம்பைத் தொட்டால் டேட்டா முழுவதையும் இடம் மாற்றும், மணிக்கணக்காகும். பச்சை டிக்கை அழுத்தினால் சோதனை, சுருக்கல், சுவர் எல்லாம் சரியான வரிசையில் நடக்கும்.

டெர்மினலில்தான் நான் மாட்டினேன். சத்துவாச்சாரியில் அக்கா மகன் கம்ப்யூட்டர், இரண்டாவது டிஸ்க், அதில் ஒரே பார்ட்டிஷன். ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் 'இ2எஃப்எஸ்சிகே'யை '-எஃப்' போட்டு ஓட்டினேன். அதைச் சுருக்கும் 'ரீசைஸ்2எஃப்எஸ்'ஸில் 60ஜி என்றேன். பிறகு சுவரை நகர்த்த 'பார்ட்டட்'டில் 'ரீசைஸ்பார்ட்', 60ஜிபி. இரண்டு 60-ம் ஒன்றல்ல! முன்னது 1024 கணக்கு, பின்னது 1000 கணக்கு. சுமார் 4.4 ஜிபி மூட்டை சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த சோதனையில், ஃபைல் சிஸ்டம் பார்ட்டிஷனைவிடப் பெரிது, நிறுத்தவா என்று கேட்டது.

"இன்னா மாமா, எல்லாம் போச்சா?"

போகவில்லை. நிறுத்து என்றேன், அங்கே 'சரி செய்' என்று விட்டிருந்தால்தான் ஆபத்து. பழைய முடிவு எண்ணைக் காகிதத்தில் குறித்திருந்தேன். பார்ட்டிஷனை அதே எண்ணுக்கு நீட்டியதும் எல்லாம் இருந்தது. நீங்களும் குறித்து வையுங்கள்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது: ஃபைல் சிஸ்டத்தைத் தேவையைவிட 2 ஜிபி கூடுதலாகச் சுருக்குவேன். பார்ட்டட்டில் ஜிபி அல்ல, ஜிஐபி என்றே எழுதுவேன். அங்கே கேட்பது பார்ட்டிஷனின் நீளமல்ல, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து அது முடியும் இடம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கடைசியில் அளவே சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை இன்னொரு முறை ஓட்டினால், ஃபைல் சிஸ்டம் சுவர் வரை தானே விரிந்துகொள்ளும்.

சுருக்குவதால் ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடி மாறாது. பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் கைவைக்க வேண்டாம், வழக்கம்போல் பூட் செய்யலாம்.