மொட்டை மாடில ரெண்டு பேரா கராத்தே பழகுறது எப்படி

நாலு வருஷம் க்ளாஸ் போய் காத்துல குத்திப் பழகினாலும், ஒருத்தர் நிஜமா கைய இறுக்கிப் புடிச்சா ஒரு செகண்ட் உடம்பு அப்படியே நின்னுடும், எனக்கு என் தங்கச்சி புடிச்சப்பவே நின்னுச்சு. அதுலேர்ந்து நாங்க காலைல 6 மணிக்கு, தரை சுட ஆரம்பிக்கறதுக்குள்ள, மாடில ரெண்டு பேரா தான் பழகறோம்.

மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழட்டிடுங்க, நகம் வெட்டிக்கோங்க. வலிச்சா ரெண்டு தட்டு, தட்டின உடனே விட்டுடணும். சிமெண்ட் தரைல தூக்கிப் போடறது வேணவே வேணாம்.

முதல்ல இப்போன் குமிதே, அதாவது எங்க அடிக்கப் போறோம்னு சொல்லிட்டு ஒரே ஒரு அடி அடிச்சு பழகற ஜோடிப் பயிற்சி. ஒருத்தர் "முகம்"னு சொல்லிட்டு ஒரு அடி முன்ன வச்சு குத்துவாங்க, இன்னொருத்தர் அகே உகேல (முன்கைய மேல தூக்கி தடுக்கறது) தடுத்து கியாகு ஜூகில (முன்ன இருக்கற காலுக்கு எதிர்ப்பக்க கையால குத்தறது) திருப்பிக் குத்தணும். இதுல பாசத்துல எல்லாரும் பண்ற தப்பு, அரை அடி முன்னாடியே நிறுத்திடறது, இல்லன்னா காது ஓரமா குத்தறது. அப்படி வந்தா நீங்க சும்மா நின்னாலே படாது, ஆனா தடுத்துட்டோம்னு மனசு நம்பிடும், அது தான் ஆபத்து. மெதுவா வரட்டும், ஆனா நீங்க நகரலன்னா மூக்க வந்து தொடணும். வேகத்த அப்புறம் ஏத்திக்கலாம், தூரத்துல பொய்யே கூடாது.

குத்தும்போது இன்னொரு கைய இடுப்புக்கு இழுக்கறோம்ல, ஹிக்கிதே, அது எதுக்குன்னு தனியா பண்றப்ப புரியவே புரியாது. பார்ட்னரோட மணிக்கட்ட புடிச்சுகிட்டே இழுத்துப் பாருங்க, அவங்க தடுமாறி முன்னாடி வருவாங்க, உங்க மத்த கை அங்க ரெடியா இருக்கும். எனக்கு கராத்தே மேல மறுபடி ஆசை வந்தது அன்னைக்கு தான்.

அவங்க உங்க மணிக்கட்ட புடிச்சா பின்னாடி இழுக்காதீங்க, பலசாலி தான் ஜெயிப்பாரு. கட்டைவிரலும் மத்த விரலும் சேர்ற இடம் தான் பிடியோட வீக்கான இடம், மணிக்கட்டோட மெலிசான ஓரத்த அந்த இடைவெளிக்குத் திருப்பி, ஒரு அடி உள்ள வச்சு, உங்க முழங்கைய அவங்க முழங்கை பக்கம் மடக்குங்க, கை வழுக்கிட்டு வந்துடும். ரெண்டு கைக்கும் இருபது தடவையாவது பண்ணுங்க, வெளில வந்த உடனே நாலு அடி ஓடற வரைக்கும் சேர்த்து.

முகத்துல அடிக்க முஷ்டிய விட உள்ளங்கை அடிப்பாகம் நல்லது, மண்டை எலும்புல பட்டா விரல் எலும்பு உடையும். இத பழைய தலகாணில பழகுங்க, பார்ட்னர் மூஞ்சில இல்ல.

சட்டமும் தற்காப்புக்கு உரிமை குடுக்குது, பாரதிய நியாய சன்ஹிதால (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்தது) பிரிவு 34லேர்ந்து 44 வரைக்கும் படிங்க, ஆனா தேவைக்கு மேல அடிக்க உரிமை இல்ல, அதனால விடுபட்டா ஓடிப் போய் 112க்கு போன் பண்றது தான் சரி.

கொஞ்சம் பழகினதும் கராத்தே ட்ரெஸ்ஸ கழட்டி வச்சுட்டு, சுடிதாரு, செருப்பு, தோள்ல ஆபீஸ் பேகோட, மாடிப்படி திருப்பத்துல நின்னு இதே எல்லாத்தையும் பண்ணிப் பாருங்க. எலக்ட்ரிக் ட்ரெயின் கதவுகிட்ட அவ்ளோ இடம் தான் கிடைக்கும்.